ஐந்தடி தள்ளி ஓர் அப்பா

மரமுளை கையோடு வந்துவிட்டது.

டுவைட் பெலிங்கர் செய்த குற்றமெல்லாம் தொப்பியைக் கழற்றி அதில் மாட்டியதுதான். பழைய கிறிஸ்தவத் துறவிக் கூட்டம் ஒன்று வாழ்ந்து, இப்போது மியூசியமாகிவிட்ட அந்த ஷேக்கர் கிராமத்தில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவர் நெடுக மரமுளைகள். தொப்பி, விளக்கு, துடைப்பம், நாற்காலி என்று எல்லாவற்றையும் அதில்தான் மாட்டுவார்கள். அந்த அறையில் மட்டும் நாற்பது முளைகள் இருக்கும். முப்பத்தொன்பது சும்மா இருக்க, நாற்பதாவது முளை இவன் தொப்பிக்காகவே காத்திருந்த மாதிரி பொலக்கென்று பிடுங்கிக்கொண்டது. நூற்றெண்பது வருஷத்துக் கட்டடம் என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள்.

டுவைட் சுற்றுமுற்றும் பார்த்தான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் வழிகாட்டி அம்மாள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முளையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"கடவுளே, இன்னைக்கு ஒரே ஒரு நாள் என்னைக் காப்பாத்திடு. நாளையிலேருந்து எப்படி வேணா சாகடி," என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டான்.

வேண்டுதலுக்குக் காரணம் அவன் மகள் மேரன். வயது பதினொன்று. டுவைட்டுக்கும் கிரெட்சனுக்கும் விவாகரத்து ஆகி மூன்று வருஷம் ஆகிறது. பெண் அம்மாவிடம். ஜூலை மாதம் முழுக்க அப்பாவோடு இருப்பதா வேண்டாமா என்று கேள்வி வந்தபோது, "பொண்ணு விவரமானவளா இருக்கா. அவளே சொல்லட்டும்," என்று நீதிபதி கையைக் கழுவிவிட்டார். விவரமானவள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, ஷேக்கர் கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. துணைக்கு வர்ற பெரியவங்க லிஸ்ட்டுல உன் பேரைக் குடுத்திருக்கேன்."

"நெசமாவா தங்கம்?"

"தங்கம் கிங்கம்னு கூப்பிடக் கூடாது. பேரைச் சொல்லியும் கூப்பிடக் கூடாது. பஸ்ஸுல எங்களோட வராதே, உன் வண்டியில வா. என்கிட்ட பேசாதே. கையாட்டாதே. என்னைப் பார்க்கவே பார்க்காதே."

"பார்க்காம எப்படிம்மா..."

"அப்புறம் முக்கியமா, எதையும் ரிப்பேர் பண்ணாதே. இந்த ஒரு நாள் என் மானம் போகாம நீ ஓட்டிட்டேன்னா, ஜூலைக்கு வர்றதைப் பத்தி யோசிக்கிறேன்."

ரிப்பேர் விஷயத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. டுவைட்டுக்குத் தொழில் பாய்லர் மெக்கானிக். கெட்டுப்போன ஒன்றைப் பார்த்துவிட்டால் அவன் கை சும்மா இருக்காது. போன டிசம்பரில் பள்ளிக்கூடத்துப் பாட்டுக் கச்சேரியில் மேரன் தனியாகப் பாட எழுந்தபோது ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. இவன் இரண்டே தாவலில் மேடை ஏறி எதையோ திருகினான். பள்ளிக்கூடம் மொத்தமும் இருண்டது. மேரன் பாட்டை இருட்டில் முடித்தாள். அன்றைக்கு வைத்த 'கரண்ட் கட்டு' என்ற பட்டப்பெயர் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை.

ஆகவே இன்று ஒழுங்காக இருக்க வேண்டும் என்று சபதம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினான். வழியில் ஒரு கிழவரின் கார் புகைவிட்டு நின்றிருந்தது. அதற்கு முக்கால் மணி நேரம் போயிற்று. இவன் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் எல்லாரும் ஷேக்கர் உடுப்பு மாட்டி முடித்திருந்தார்கள். பையன்களுக்கு வைக்கோல் தொப்பி. பெண்களுக்குத் தரையைத் தொடும் பாவாடை, தோளில் சாம்பல் நிறப் போர்வை, தலையில் குழாய் மாதிரி முன்னால் நீண்ட பானெட் தொப்பி. உள்ளே முகம் இருக்கிறதா என்று எட்டித்தான் பார்க்க வேண்டும்.

கோர்ட்லண்ட் டீச்சர் அட்டையும் பேனாவுமாக ஓடிவந்தாள்.

"அட, வந்துட்டீங்களா சார்! நீங்க வரமாட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!"

டுவைட்டுக்குச் சுருக்கென்றது. அவன் நேரத்துக்கு எங்கும் போகாதவன் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். இருந்தாலும் முகத்துக்கு நேரே சொல்லுவார்களா?

"வந்துட்டேன் டீச்சர். என்ன ஆனாலும் வந்துடணும்னுதான்..."

"பெரிய மனசு சார் உங்களுக்கு! இந்தாங்க சட்டை, தொப்பி. போனை இந்தக் கூடையில போட்டுடுங்க, இங்க யாருக்கும் போன் கிடையாது," என்று சொல்லிவிட்டு, வாளிக்குள் காலை விட்டுக்கொண்ட ஒருவனைப் பிடிக்க ஓடினாள்.

போனைக் கூடையில் போடும்போதே அது அலறியது. கிரெட்சன். போய்ச் சேர்ந்தாயா, வழக்கம்போல லேட்டா என்று கேட்பாள், வேறென்ன. டுவைட் ஒரு மிடுக்கோடு அதை அணைத்துப் போட்டான்.

பிறகு மகளைத் தேடினான். பார்க்கக் கூடாது என்பது கட்டளை. எனவே தரையைப் பார்த்துத் தேடினான். வரிசையாகப் பாவாடை ஓரங்கள், ஷூக்கள். நடுவில் ஒரு ஜோடி பளீர் மஞ்சள். போன பிறந்தநாளுக்கு ஊரின் ஒரே செருப்புக் கடையில் தள்ளுபடியில் அவன் வாங்கிக் கொடுத்தது. ஒரு தடவைகூடப் போட்டு அவன் பார்த்ததில்லை. அவன் வருகிறான் என்று இன்றைக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்! டுவைட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் பார்வையை உயர்த்தவில்லை. சொன்ன சொல் காக்க வேண்டாமா?

அந்த நிறைவோடு தொப்பியை மாட்டப் போய்த்தான் முளை கையோடு வந்தது.

பக்கத்தில் நின்ற ஃபின்லி என்ற பையன் கன்னத்தை அசைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, சூயிங்கம் இருக்கா?"

"வாயிலதான் இருக்கு அங்கிள்."

"பரவாயில்ல, துப்பு."

ஃபின்லி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துப்பினான். டுவைட் முளையின் அடியில் அதை ஒட்டி ஓட்டைக்குள் அழுத்தினான். அசப்பில் பழைய மாதிரியே நின்றது.

"அங்கிள், நீங்க எதுக்கு வந்தீங்க?"

"எனக்கே தெரியலப்பா," என்றான் டுவைட். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு வாய்க்கொழுப்பு அதிகம்.

வழிகாட்டி அம்மாளுக்கு அறுபது வயசு இருக்கும். வேலை நேரத்தில் அவள் பெயர் சகோதரி ப்ரூடன்ஸ். இடுப்பில் கைவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"ஆம்பளைங்க அந்தக் கதவு, பொம்பளைங்க இந்தக் கதவு. படிக்கட்டும் தனித்தனி. எதிரெதிரா உட்கார்ந்து பேசினாலும் நடுவுல அஞ்சடி இடைவெளி. கல்யாணம் கிடையாது."

"அப்ப குழந்தைங்க?" என்று கேட்டாள் ஜூனிப்பர். வகுப்பில் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள்.

"அநாதைப் பிள்ளைங்களை எடுத்து வளர்த்தாங்க."

"கல்யாணம் இல்ல, வீட்டுல சண்டை இல்ல. அப்புறம் நாள் முழுக்க என்னதான் பண்ணுவாங்க?"

"எதையாவது கண்டுபிடிப்பாங்க கண்ணு! தட்டைத் துடைப்பம் அவங்க பண்ணதுதான். விதையைக் காகிதப் பொட்டலத்துல போட்டு வித்தது அவங்கதான். வட்ட ரம்பத்தைக் கண்டுபிடிச்சது ஒரு ஷேக்கர் பொம்பளைன்னு சொல்லுவாங்க."

கல்யாணத் தொல்லை விட்ட மனிதன் ஏதாவது கண்டுபிடிப்பான் என்றால், தான் இந்த மூன்று வருஷத்தில் என்ன கண்டுபிடித்தோம் என்று டுவைட் யோசித்துப் பார்த்தான். மைக்ரோவேவில் முட்டை வெடிக்கும் என்பது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

"இப்பப் பாருங்க, நாற்காலியை எப்படி மாட்டுறதுன்னு காட்டுறேன்," என்று சகோதரி ஒரு நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கினாள். "உட்கார்ற இடத்துல தூசி படியக் கூடாதுன்னா இப்படித் தலைகீழா..."

நாற்பது முளை இருக்கிற சுவரில் அவள் நேரே சூயிங்கம் முளையை நோக்கி நடந்தாள். அது பெண்கள் பக்கத்து எல்லையில் இருந்தது. தொப்பியையே இவன் இடம் மாறித்தான் மாட்டியிருக்கிறான் என்பது இப்போதுதான் உறைத்தது. கத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மகளுக்கு மானம் போகும். கத்தாவிட்டால் நாற்காலி ஜூனிப்பர் தலையில் விழும்.

டுவைட் பாய்ந்தான். நாற்காலி அவன் வயிற்றில் வந்து இறங்கியது. முளை உருண்டோடியதை யாரும் கவனிப்பதற்குள் பொறுக்கிப் பையில் போட்டான். நிமிர்ந்தால் பத்துப் பன்னிரண்டு பானெட்டுகளுக்கு நடுவே நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். மஞ்சள் ஷூ இரண்டும் ஓரடி பின்வாங்கின.

"சகோதரரே!" என்று குரலை உயர்த்தினாள் சகோதரி ப்ரூடன்ஸ். நாடகம் அவளுக்குக் கைவந்த கலை. "ஒரு ஆம்பளை பொம்பளைங்க பக்கம் கால் வெச்சுட்டா அந்தக் காலத்துல என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"தூக்குல போடுவாங்களா?" என்று ஆசையாகக் கேட்டான் ஃபின்லி.

"பாவத்தை வாய்விட்டுச் சொல்லணும். செஞ்ச தப்பு எல்லாத்தையும். சொல்லுங்க சகோதரரே!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். டுவைட் நாற்காலியை இறக்கி வைத்தான். முளை பையில் கனத்தது. அதைத் தவிர எதைச் சொல்லலாம் என்று தேடினான்.

"நான்... நான் எங்கயும் நேரத்துக்குப் போறதில்ல," என்றான் தரையைப் பார்த்து. "ஒரு தடவை என் பொண்ணு பிறந்தநாளுக்கு மறுநாள் போய் நின்னேன். கேக்கு காலி. அவ எனக்காக ஒரு துண்டு எடுத்து வெச்சிருந்தா. நான் சாப்பிடக்கூட இல்ல, பிரிட்ஜுல ஏதோ சத்தம் வருதுன்னு பின்னாடி கழட்ட ஆரம்பிச்சுட்டேன்."

டீச்சர் அட்டையில் என்னமோ எழுதினாள். ஜூனிப்பர் மட்டும் கேட்டாள்:

"பிரிட்ஜ் சரியாச்சா?"

"இல்ல."

ஐயோ, எதற்கு இதையெல்லாம் சொன்னோம் என்று டுவைட்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கல்லூளிமங்கன் மாதிரி நின்றிருக்கலாம். மகள் முன்னால், மகள் கதையை, மகள் வகுப்பு மொத்தத்துக்கும் ஒப்பித்தாயிற்று. ஜூலையில் ஒரு வாரம் கழன்றுவிட்டது.

சாப்பாட்டு மண்டபத்தில் புதுச் சோதனை.

"இங்க ரெண்டே சட்டம்," என்றாள் சகோதரி. "சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாது. தட்டுல விழுந்ததை மிச்சம் வைக்கக் கூடாது. மறுபடி மணி அடிக்கிற வரைக்கும் மூச்!"

மணி அடித்தது. ரொட்டி, அவரைக்கொட்டை, மலைமாதிரி வினிகரில் ஊறிய பீட்ரூட். ஐந்தாம் வகுப்பில் பீட்ரூட் தின்கிற பிள்ளை அமெரிக்காவில் இன்னும் பிறக்கவில்லை. ஃபின்லி ஓரக்கண்ணால் டுவைட்டைப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் தன் பீட்ரூட்டை டுவைட் தட்டில் கவிழ்த்தான்.

டுவைட் வாயைத் திறந்தான். சகோதரி உதட்டில் விரல் வைத்தாள். வாயை மூடினான்.

அவ்வளவுதான், வழி தெரிந்துவிட்டது. ஆண்கள் மேஜையில் தட்டுகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து அவனிடம் காலியாகித் திரும்பிப் போயின. பரிமாற வந்த பெண்களும் சும்மா போகவில்லை. ஏழாவது பங்கைத் தின்றுகொண்டிருக்கும்போது மஞ்சள் ஷூ அவன் நாற்காலி அருகே வந்து நின்றது. ஒரு கை நீண்டு ஒரு தட்டு பீட்ரூட்டைச் சரித்துவிட்டுப் போயிற்று.

டுவைட் உருகிவிட்டான். மூன்று வருஷமாக மகள் அவனிடம் எதையும் கேட்டதில்லை. பணம் கேட்டதில்லை, சைக்கிள் கேட்டதில்லை. இன்றைக்கு, எனக்காக இதைத் தின்னு அப்பா என்று உரிமையோடு கொட்டிவிட்டுப் போகிறாள். அந்தப் பங்கை அவன் ஒரு துணுக்கு விடாமல் மென்று தின்றான். அதற்குப் பிறகு வந்த ஆறு பங்கைத்தான் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டியிருந்தது.

மறுபடி மணி அடித்தபோது அவனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்புக் கறை.

"பிரமாதம்!" என்றாள் சகோதரி ப்ரூடன்ஸ். "அடுத்து சலவை வீடுதான். ஷேக்கர்களோட துணி துவைக்கிற மெஷினைக் காட்டப் போறேன். அழுக்குத் துணி எங்க தேடுறதுன்னு பார்த்தேன். கழட்டுங்க சட்டையை!"

"இங்கயா?"

"பனியன் போட்டிருக்கீங்கல்ல?"

போட்டிருந்தான். பனியனில் இரண்டு ஓட்டைகள். ஒன்று தொப்புளுக்கு நேரே.

சலவை வீட்டுக்கு வெளியே ஓடை, ஓடையில் நீர்ச்சக்கரம், சக்கரத்திலிருந்து ஒரு தோல் பெல்ட், பெல்ட்டின் மறுமுனையில் பெரிய மரத்தொட்டி. சகோதரி சட்டையையும் சோப்பையும் தொட்டிக்குள் போட்டு, மதகை விரலளவு தூக்கினாள். சக்கரம் சோம்பலாகத் திரும்பியது. தொட்டி முன்னும் பின்னும் ஆடியது. டக்... டக்... டக்... அப்புறம் நின்றுபோயிற்று.

"என்னமோ சிக்கியிருக்கு," என்றாள் சகோதரி.

என்ன சிக்கியிருக்கிறது என்று டுவைட்டுக்குத் தெரியும். சட்டைப் பையைத் தடவப் போன கை வெறும் பனியனைத் தடவியது.

"தொட்டியைத் திறந்து பார்த்துட வேண்டியதுதான்."

"திறக்காதீங்க!" என்று அலறினான் டுவைட். "நான்... நான் பார்க்கிறேன்."

எதையும் ரிப்பேர் பண்ணாதே. மேரன் குரல் காதிலேயே கேட்டது. ஆனால் திறந்தால் முளை வெளியே வரும். மியூசியத்தை உடைத்தவன் என்ற பெயரும் சேரும். ரிப்பேர் பண்ணினால் ஒரு குற்றம், பண்ணாவிட்டால் இரண்டு என்று கணக்குப் போட்டான். பெல்ட்டை இழுத்துப் பார்த்தான், தொளதொளவென்றிருந்தது. ஒரு துளை தள்ளி மாட்டினான். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் உலுக்கலில் முளை தானாக ஓரமாய் ஒதுங்கிவிடும். மதகை நன்றாகத் தூக்கிவிட்டான்.

ஷேக்கர்கள் சாத்வீகமான மனிதர்கள். அவர்கள் மெஷினை யாரும் அந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்ததில்லை.

தொட்டி குதித்தது. மூடி ஆகாசத்துக்குப் போயிற்று. சோப்புத் தண்ணீர் வாளி வாளியாக நாலு பக்கமும் வீசியடித்தது. பிள்ளைகள் கிறீச்சிட்டார்கள், பாதிப் பேர் சந்தோஷத்தில். முளை விர்ரென்று பறந்து வந்து சகோதரியின் பானெட்டுக்குள் புகுந்துகொண்டது. கடைசியாக வெளியே வந்த சட்டை, கோர்ட்லண்ட் டீச்சரின் முகத்தில் போர்வையாக விழுந்தது. கறை நன்றாகப் போயிருந்தது.

டுவைட் மதகை இறக்கினான். மஞ்சள் ஷூவைப் பார்த்தான். கணுக்கால் வரை நுரை.

சகோதரி பானெட்டைத் துழாவி முளையை எடுத்தாள். டுவைட் கண்ணை மூடிக்கொண்டான்.

"அட, இந்த முளையா!" என்றாள் அவள். "இது மாசம் ரெண்டு தடவை விழும். கடையில டஜன் கணக்குல வாங்கி வெச்சிருக்கோம். உங்க கையில எப்படி வந்துச்சு?"

டுவைட்டுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இந்தச் சனியன் பிடித்த குச்சிக்காகவா சூயிங்கம், நாற்காலி, பாவமன்னிப்பு, வெள்ளம் எல்லாம்? ஜூலையில் இன்னும் இரண்டு வாரம் தண்ணீரோடு போயிற்று.

நனைந்த பிள்ளைகள் மே மாதக் குளிரில் வெடவெடவென்று நடுங்கினார்கள்.

"ஆடினா சூடு பிடிச்சுக்கும்," என்று சகோதரி எல்லாரையும் பிரார்த்தனை மண்டபத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். "ஷேக்கர்னு ஏன் பேரு வந்துச்சு? உடம்பைக் குலுக்கிக் குலுக்கிக் கும்பிட்டவங்க. கையைக் கீழ தொங்கவிட்டு உதறுங்க! பாவமெல்லாம் விரல் நுனி வழியா உதிரட்டும்! இப்பச் சுத்துங்க!"

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. டுவைட் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். பதினாலு பேர் பீட்ரூட் உள்ளே அலையடித்தது.

"கூச்சப்படாதீங்க சார், வாங்க!" என்று டீச்சர் அவன் கையைப் பிடித்து இழுத்து வரிசையில் விட்டாள். அவளும் நனைந்துதான் இருந்தாள். அவளுக்கு ஒரு கடன் பட்டிருக்கிறோம் என்று அவன் சுற்றினான்.

ஒரு சுற்று சுற்றினான். இரண்டாவது சுற்றில் சுவர்கள் ஓடின. மூன்றாவது சுற்றில் நாற்பது, எண்பது, நூற்றறுபது என்று முளைகள் பெருகின. நான்காவது சுற்று முடியவில்லை.

பால் மாதிரி துடைத்து வைத்திருந்த அந்தத் தரையில், நடு மண்டபத்தில், பதினாலு பங்கும் ஒன்று மிச்சமில்லாமல் வெளியே வந்தது.

"ரத்தம்!" என்று வீறிட்டாள் ஜூனிப்பர். "ரத்தமா வாந்தி எடுக்கிறாரு! செத்துப்போகப் போறாரு!"

"இல்ல... பீட்ரூட்..." என்றான் டுவைட் மண்டியிட்டபடி. இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும்போது யார் காதில் விழும்? ஃபின்லி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். டீச்சர் போன் கூடையை நோக்கி ஓடினாள்.

ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்தில் சங்கு ஊதிக்கொண்டு வந்தது. வந்த நர்ஸம்மாள் நாடி பிடித்துப் பார்த்தாள், கண்ணை விரித்துப் பார்த்தாள், தரையைக் குனிந்து பார்த்தாள்.

"எவ்வளவு பீட்ரூட் சாப்பிட்டீங்க?"

"பதினாலு பேரோடது."

"ஏன்?"

"பேசக் கூடாதுன்னாங்க."

அவள் ஒரு போர்வையைப் போர்த்தி, ஆம்புலன்ஸின் பின்படியில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

டுவைட் உட்கார்ந்திருந்தான். ஓட்டைப் பனியன், போர்வை, உதட்டில் சிவப்பு. ஜூலை மொத்தமும் போயிற்று. ஜூலை என்ன, ஆகஸ்ட், கிறிஸ்துமஸ், அவள் கல்யாணம், எல்லாம் போயிற்று. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ! கரண்ட் கட்டு என்பது எவ்வளவு கௌரவமான பெயர் என்று இப்போது தோன்றியது.

குனிந்த தலைக்கு முன்னால், புல்லில், மஞ்சள் ஷூ இரண்டும் வந்து நின்றன. சரியாக ஐந்தடி தள்ளி.

டுவைட் நிமிரவில்லை. எல்லாச் சட்டத்தையும் உடைத்தாயிற்று. பார்க்காமல் இருப்பது ஒன்றுதான் பாக்கி. அதையாவது காப்பாற்றுவோம் என்று ஷூவிடமே பேசினான்.

"உன்கிட்ட பேசக் கூடாதுன்னு தெரியும். ஒரே ஒரு விஷயம் சொல்லிடுறேன். இன்னைக்கு உன் மானத்தை வாங்கணும்னு நான் வரல. கெட்டுப்போன எதைப் பார்த்தாலும் கை போயிடுது. எது கெட்டுப்போச்சோ அதைத் தவிர மத்ததெல்லாம் கழட்டிப் பார்க்கிறேன். அன்னைக்கு நீ எடுத்து வெச்ச கேக்கைச் சாப்பிட்டிருக்கணும். அது மூணு வருஷமா தொண்டையில நிக்குது. நீ ஜூலைக்கு வரலைன்னாலும் பரவாயில்ல. அப்பா கோவிச்சுக்க மாட்டேன்."

தைரியத்தையெல்லாம் திரட்டி, கண்ணை அரை அங்குலம் உயர்த்தினான். பானெட்டின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அது மெதுவாக, ஆமாம் என்பதுபோல, இரண்டு தரம் மேலும் கீழும் ஆடியது.

மஞ்சள் ஷூ திரும்பி ஓடிப்போயிற்று.

டுவைட்டுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தலையாட்டினாளே! இரண்டு தரம் ஆட்டினாளே! இத்தனை கேவலத்துக்குப் பிறகும் ஆட்டினாளே! கேக்கு விஷயத்தைச் சொன்னதுதான் மனசைத் தொட்டிருக்க வேண்டும். அவன் போர்வையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். சின்ன அறையைக் காலி செய்ய வேண்டும். பாய்லர் சாமான்களையெல்லாம் கொட்டகைக்கு மாற்ற வேண்டும். ஏரியில் மீன் பிடிக்கத் தூண்டில் ஒன்று, அவள் உயரத்துக்கு. பான்கேக் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகள் உடுப்பு அறையில் பானெட்டுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கூச்சலோடு பஸ்ஸில் ஏறினார்கள். டுவைட் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பஸ் ஜன்னல்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு ராணுவ வீரனைப் போல விறைப்பாக நின்றான். சொன்ன சொல்லைக் கடைசி நிமிஷம் வரைக்கும் காப்பாற்றிய திருப்தி அவன் முகத்தில் இருந்தது.

ஈரம் சொட்டச் சொட்டக் கோர்ட்லண்ட் டீச்சர் போன் கூடையோடு வந்தாள். அவன் போனை எடுத்துக் கொடுத்தாள். அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"மேரன் காய்ச்சல்னு இன்னைக்கு வரலைன்னதும் நீங்களும் வரமாட்டீங்கன்னு நெனச்சேன் சார், ஆனா மத்தவங்க பிள்ளைங்களுக்காக வந்து இவ்வளவு பாடுபட்டீங்களே! கவலையே படாதீங்க, நாளைக்கு அவ வந்ததும் இன்னைக்கு நீங்க பண்ணது ஒண்ணு விடாம நாங்க எல்லாரும் அவகிட்ட சொல்லிடுறோம்!"